தென்னாப்பிரிக்காவில் மாகாண அரசு லாரி மதிலை இடித்தால் வழக்கு போடுவது எப்படி?

சாட்ஸ்வொர்த்வாசி: மாகாணத் துறை லாரி மோதி மாமா வீட்டு மதில் விழுந்து 7 மாதமாச்சு. நேரே சம்மன் அனுப்பலாமா?

பதில் 1: கூடாதுங்க. அரசுத் துறைகள் மேல் வழக்குப் போடுவது பற்றிய 2002ஆம் ஆண்டின் 40ஆம் சட்டப்படி, 6 மாதத்துக்குள் துறைத் தலைவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்கணும். அது போன பிறகும் 30 நாள் பொறுத்துத்தான் சம்மன். கெடு தாண்டினதால் முதலில் துறையின் சம்மதத்தைக் கேளுங்க. மறுத்தால் நீதிமன்றத்தில் தாமத மன்னிப்பு மனு. அது ஏற்கப்பட, வழக்கு போடுவதற்கான 3 ஆண்டு காலவரம்பு முடிந்திருக்கக் கூடாது, தாமதத்துக்குத் தக்க காரணம் வேணும், அரசுத் தரப்புக்குப் பெரிய பாதகமும் இருக்கக் கூடாது. பலர் சறுக்குவது காரணத்தில்தான்: "சட்டம் தெரியாது" என்று ஒரே வரி எழுதினால் எடுபடாது. எந்த மாதம் யாரிடம் போனீங்க, என்ன பதில் வந்தது, எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வரணும்.

பதில் 2: பிரதிவாதியாக அந்தத் துறையின் மாகாண அமைச்சரைப் பதவிப் பெயரில் காட்டுங்க. சாலை விபத்து நிதியத்துக்கு அலையாதீங்க, அது உடல் காயத்துக்கு மட்டும்.

பதில் 3: ஜெயித்தாலும் பணம் தானா வராது. அரசுச் சொத்தை ஜப்தி செய்யத் தடை விதித்த பிரிவை 2008இல் நியாதி வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. இப்போது தீர்ப்பு இறுதியாகி 30 நாளில் பணம் வராவிட்டால், உத்தரவைக் கருவூலத்துக்கும் முறைப்படி சேர்ப்பிக்கணும் (சார்வு). அவங்களுக்கு 14 நாள். அதுக்கப்புறம் துறையின் அசையும் சொத்து மேல் ஜப்தி ஆணை. ஆபீஸ் வண்டியில் ஷெரீப் (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி) கை வைத்தால் செக் சீக்கிரம் வரும்!