ஜெர்மன் வேட்டைக்காரர் பேச்சில் 'கொன்றேன்' வருவதே இல்லை. தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

மைக்கூடு (கேள்வி):
ஜெர்மனியில் வேட்டை உரிமத் தேர்வுக்குப் படிக்கிற தமிழர்களுக்காகப் பாடக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'கொல்' என்பதற்கு நேரான 'ட்யோட்டன்' எங்குமே தட்டுப்படவில்லை. எர்லேகன், ஷ்ட்ரெக்கன், ஃபெர்எண்டன், அப்ஃபாங்கன் என்று ஆளுக்கொரு சொல். எல்லாவற்றுக்கும் 'கொன்றார்', 'செத்தது' என்றே போட்டுக்கொண்டு போகலாமா? சாவைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பூசி மெழுகுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இன்னொன்று: 'ஷ்வைஸ்ஹுண்ட்' என்பதற்கு அகராதிப்படி 'வியர்வை நாய்' வருகிறது. 'க்ராங்க்' என்றால் நோயுற்ற மான்தானே?

குளம்படி:
முதலில் அந்த வியர்வை நாயை அழித்துவிடுங்கள். ஊர் ஜெர்மனில் ஷ்வைஸ் வியர்வைதான். வேட்டைக்காரர் வாயில் அது அடிபட்ட விலங்கின் உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம். அந்த ரத்தத் தடத்தைப் பிடித்துப் போகப் பழக்கிய நாய்தான் ஷ்வைஸ்ஹுண்ட். ஹனோவர் வகை, பவேரிய மலை வகை என்று தனி இனங்களே உண்டு. 'ரத்தத்தட நாய்' என்று போடுங்கள்.

க்ராங்க் அதைவிட ஆபத்தான சொல். 'க்ராங்கெஸ் ஷ்ட்யூக்' என்றால் குண்டு பட்டும் விழாமல் ஓடிப்போன உருப்படி. 'நோயுற்ற' என்று எழுதினால் படிக்கிறவர் தேர்வில் தப்பாகப் பதில் சொல்வார். ஷ்ட்யூக் என்பதற்கு நம் ஊரில் ஆடு மாடு எண்ணும்போது சொல்கிற 'உருப்படி' கச்சிதமாகப் பொருந்தும். பிறகு 'அன்ஷ்ப்ரெஹன்'. அகராதியில் 'பேச்சுக் கொடு' என்றிருக்கும். இங்கே சுடுவதற்கு முன் இது எந்த விலங்கு, ஆணா பெண்ணா, வயது என்ன, உடம்பு எப்படி, கூடவே குட்டி இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்வது. மானிடம் பேச்சுக் கொடுத்தார் என்று எழுதிவிடாதீர்கள்!

இனி சாவுக்கான சொற்கள். எது எப்படிச் செத்தது என்பதை ஒரே வினைச்சொல்லில் பிரித்துக் காட்டுகிறார்கள். முறையாகச் சுட்டு வீழ்த்தியது எர்லேகன், ஷ்ட்ரெக்கன். குண்டடிபட்டு உயிர் விட்டது ஃபெர்எண்டன். நோயிலோ பட்டினியிலோ குளிரிலோ செத்தது ஐன்கேஹன். வேட்டையில் அல்லாமல் செத்துக் கிடந்தது ஃபால்வில்ட். கார் மோதிச் செத்ததையும் இதில்தான் சேர்ப்பார்கள், அதை இறைச்சியாக விற்க முடியாது. காயம்பட்டுக் கிடப்பதைக் கத்தியால் தீர்ப்பது அப்ஃபாங்கன், துப்பாக்கியால் தீர்ப்பது ஃபாங்ஷுஸ். எல்லாவற்றுக்கும் 'செத்தது' என்று போட்டால் விற்கத் தகுந்த இறைச்சி எது, தகாதது எது என்பதே குழம்பிப்போகும்.

ரத்தம் பற்றிய பகுதியையும் கவனித்துச் செய்யுங்கள். குண்டு பட்டபோது விலங்கு நின்றிருந்த இடம் 'அன்ஷுஸ்'. அங்கே கிடக்கும் ரத்தத்தைப் பார்த்து எங்கே பட்டது என்று ஊகிப்பார்கள். வெளிர் சிவப்பாக நுரை கட்டியிருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பும் பழுப்புமாகக் குருணை கலந்திருந்தால் கல்லீரல். பச்சையும் பழுப்புமாக இரை கலந்திருந்தால் வயிறு அல்லது குடல். வயிற்றில் பட்டதென்றால் குறைந்தது 3, 4 மணி நேரம் விட்டுத்தான் நாயை இறக்குவார்கள். உடனே துரத்தினால், பக்கத்துப் புதரில் படுத்துவிட்ட விலங்கு எழுந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடும். ரத்தமும் அதிகம் சிந்தாததால் தடம் விட்டுப்போகும். படுத்த அந்த இடம் 'வுண்ட்பெட்'. தேடிப் போகிற வேலை 'நாஹ்ஸூஹ'. அதற்கு 'தேடல்' என்பதைவிட 'காயத்தடம் தேடுதல்' தெளிவு.

பனைவெல்லம்:
குளம்படி சொன்ன வேறுபாடுகள் எல்லாம் சரி. அதற்காகப் பூச்சே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் முதல் பிரிவிலேயே வேட்டை என்பதைத் தேடுதல், பின்தொடர்தல், எர்லேகன், பிடித்தல் என்று வரையறுக்கிறது. விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதே செயலைக் கொல்லுதல் என்றே சொல்லி, முறையான வேட்டை என்றால் மயக்கமூட்டாமல் கொல்ல இடம் தருகிறது. செயல் ஒன்று, யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

பழைய சொற்கள்கூடப் பரவாயில்லை, அவற்றில் தகவல் இருக்கிறது. இன்று அலுவலகத் தாள்களில் பரவியிருக்கும் 'எண்ட்நாமே' மகா மோசம். 'எடுத்தல்' என்று பொருள். ஓநாய் விவகாரங்களில் இதுதான் ஓடுகிறது. சுட்டார்களா, பிடித்து வேறிடம் கொண்டுபோனார்களா என்று சொல்லில் தெரியாது. மூலம் சுடுவதைத்தான் சொல்கிறது என்று உறுதியானால் தமிழில் 'சுட்டுக் கொல்ல அனுமதி' என்றே எழுதுங்கள். 'அகற்றல்' என்றால் ஏதோ ஆக்கிரமிப்பு அகற்றல் மாதிரி இருக்கும்.

ஏரிக்கரை:
அமெரிக்காவில் இதே வேலையை 'ஹார்வெஸ்ட்' செய்கிறது. மாநில வனவிலங்குத் துறைகளின் படிவங்களில் 'கில்' குறைவு, ஹார்வெஸ்ட் அறிக்கைதான். இதை 'மான் அறுவடை' என்று தமிழாக்கினால் சிரிப்புத்தான் வரும். 'வேட்டையில் கிடைத்தவை' போதும். இந்தச் சொல்லில் ஒரு ஓட்டை உண்டு. கைக்குக் கிடைத்ததைத்தான் அது எண்ணும். காயப்பட்டுப் போய்க் கிடைக்காமல் செத்த வாத்துகள் அதில் வராது. அவற்றை 'க்ரிப்லிங் லாஸ்' என்று தனியாகக் கணக்கிடுவார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் வரும் 'டேக்' (நேர்ப்பொருள் 'எடு') வேறு. 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினச் சட்டத்தில் தொந்தரவு செய்வது, துரத்துவது, காயப்படுத்துவது, பிடிப்பது, முயல்வது வரை அதில் அடங்கும். நம் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 'வேட்டை' வரையறையும் அப்படித்தான். கொல்வதோடு விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, பறவை முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாம் அதில் சேரும். ஆக, சட்ட உரையில் 'டேக்' வந்தால் 'கொல்லுதல்' என்று சுருக்கிவிடக் கூடாது.

மைக்கூடு:
நன்றி. எர்லேகன் என்பதற்கு 'வீழ்த்து' வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் முயல் 'அடிக்கிறது', கோழி 'அறுக்கிறது', ஆடு 'வெட்டுகிறது', மீன் 'பிடிக்கிறது' என்றுதானே சொல்கிறோம், அங்கேயும் யாரும் 'கொன்றேன்' என்பதில்லை. இரண்டு சொல் இன்னும் உதைக்கிறது: ஷ்ட்ரெக்க, ஔஃப்ப்ருஹ்.

குளம்படி:
ஔஃப்ப்ருஹ் என்றால் ஊர் ஜெர்மனில் 'புறப்பாடு'. இங்கே வயிறு கீறி வெளியே எடுத்த குடல், ஈரல் முதலான உள்ளுறுப்புகள். வினைச்சொல் ஔஃப்ப்ரெஹன், 'வயிறு கீறிக் குடல் எடுத்தல்'. இதைத் தாமதித்தால் குடலிலிருந்து கிருமி இறைச்சிக்குப் போகும். குளிர்விக்கும் அளவும் குறிப்பில் இருக்கும்: மான், பன்றி போன்ற பெரியவை 7 டிகிரிக்குள், முயல், பறவை 4 டிகிரிக்குள். எண்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஷ்ட்ரெக்க இரண்டு பொருளில் வரும். ஒன்று, கூட்டு வேட்டை முடிந்ததும் விழுந்தவற்றை வலப்பக்கம் மண்ணில் படும்படி வரிசையாகக் கிடத்துவது. சிவப்பு மான் முதலில், பிறகு மற்றவை. முயல் போன்ற சிறிய உருப்படிகளில் எண்ண வசதியாகப் பத்தாவது ஒவ்வொன்றையும் அரை உடம்பு முன்னே இழுத்து வைப்பார்கள். கிடத்தியதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கொம்பிசை. அந்த இசைகளின் பெயரைப் பாருங்கள்: 'ஹிர்ஷ் டோட்', 'ஸௌ டோட்'. 'மான் செத்தது', 'பன்றி செத்தது' என்று நேராகவே பெயர்! பனைவெல்லம் சொல்கிற பூச்சு இங்கே காணோம்.

இன்னொன்று, ஆண்டுக் கணக்கு. வேட்டை ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த 'யாக்ட்ஷ்ட்ரெக்க' எண்ணிக்கையில் சாலையில் அடிபட்டுச் செத்த ஃபால்வில்டும் சேர்த்தி. எனவே அட்டவணைத் தலைப்பில் 'வேட்டையில் கொல்லப்பட்டவை' என்று போட்டால் தப்பு. 'பதிவான மொத்த உருப்படிகள் (விபத்தில் செத்தவை உட்பட)' என்று போடுங்கள்.