புதுப்பிப்பு: மாமல்லபுரம் விடுமுறை வீட்டில் பூஞ்சை வாடை தீர்ந்தது

ஐப்பசி மழையில் விருந்தினர் இல்லாமல் பூட்டிக் கிடந்த நாங்கள் வாடகைக்கு விடும் வீட்டில் பூஞ்சை வாடை போகவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கற்பூரமும் அடுப்புக்கரியும் வாடையை இரண்டு நாள் மறைத்தன, அவ்வளவுதான். பலித்தது, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்க்கச் சொன்ன யோசனை. பின்சுவர் முழுக்கக் கறுப்பு! அந்தப் பக்கம் குளியலறை. சுவருக்குள் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளையடித்தோம். இப்போது காலி நாட்களில் காவலாளி ஏசியைக் காற்றின் ஈரத்தைக் குறைக்கும் ‘டிரை’ நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறார். அலமாரிக் கதவுகள் திறந்தே இருக்கும்.

எதிர்பாராத செலவு ஒன்று: உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டித் தகடுகளை அரித்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.