மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை போய்விடுகிறது: பழைய டர்போ காரில் லிம்ப் மோட்

ராயபுரத்தான்:
வணக்கம். என் வண்டி 2008 மாடல் ஜெர்மன் ரெண்டு கதவு கார். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவு சாலையில் கிளம்பினால்தான் ரோடு கொஞ்சம் காலியாகக் கிடைக்கும். போன வாரம் திருவொற்றியூர் தாண்டி ஒரு கண்டெய்னர் லாரியை முந்துவதற்காக மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தேன். 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி தளர்ந்துவிட்டது, லாரிக்குப் பக்கத்தில் அப்படி ஆனதும் ஈரக்குலையே நடுங்கிவிட்டது. இபிசி விளக்கும் (த்ராட்டில், என்ஜின் கன்ட்ரோல் எச்சரிக்கை) செக் என்ஜின் விளக்கும் எரிந்தன. ஓரம் கட்டி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது, மறுபடி மிதித்தால் அதே கதை. மெதுவாக ஓட்டினால் நாள் முழுக்க ஒன்றும் இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு டர்போ போச்சு, மாற்ற 1,80,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என்ன எரர் கோட் வந்தது என்று எழுதித் தரவில்லை, அழித்தும் விட்டார்கள். பக்கத்துத் தெரு அண்ணன் இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம் என்கிறார். வீட்டில் விற்றுவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மணலி டூல்பாக்ஸ்:
தம்பி, முதலில் டர்போவுக்குக் காசு எடுத்து வைக்காதீர்கள். லிம்ப் மோட் என்பது நோய் இல்லை. என்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் (டர்போ ஊதிக் கொடுக்கிற காற்றழுத்தம்) ஒன்று, சென்சார் காட்டுகிற அளவு வேறொன்று, அந்த வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் என்ஜினைக் காப்பாற்ற அது பூஸ்டைக் குறைத்துவிடும். அதனால்தான் சாவியை அணைத்துப் போட்டதும் மறந்துவிட்டு மறுபடி முயற்சி பண்ணுகிறது.

கோட் அழிந்தது நல்லதில்லை, ஆனால் திரும்ப வரும். வந்ததும் அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு (கோட் விழுந்த நொடியின் பதிவு) போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று அதில் இருக்கும். பி0299 வந்தால் பூஸ்ட் போதவில்லை, பெரும்பாலும் எங்கேயோ காற்று கசிகிறது. பி0234 வந்தால் பூஸ்ட் அளவுக்கு மீறிப் போகிறது, அப்போது பூஸ்டைக் கட்டுப்படுத்துகிற என்75 வால்வையும், டர்போவைச் சுற்றி புகையை வெளியே விடுகிற வேஸ்ட்கேட்டின் லீவர் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சம்பந்தமே இல்லாத நாலைந்து கோட் ஒன்றாக வந்தால் பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவை பாடி, என்ஜினோடு இணைக்கிற ஒயர்) பக்கம் போங்கள்.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதல் சந்தேகம் டைவர்ட்டர் வால்வு. ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போ அழுத்திய காற்று திரும்பிப் போவதற்கான வழி அது. இந்த என்ஜினின் ஆரம்ப வருட மாடல்களில் அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிந்தால் டர்போ எவ்வளவு ஊதினாலும் காற்று சுற்றி வந்து அதே இடத்துக்குத்தான் போகும். வண்டியைத் தூக்கிக் கீழிருந்து மூன்று ஆலன் போல்ட் கழற்றினால் கையில் வந்துவிடும். பின்னால் வந்த பிஸ்டன் வகை வால்வு அதே இடத்தில் உட்காரும். புதுப்பேட்டையில் பழசு தேடாதீர்கள், அந்த ரப்பருக்கும் இதே வயசுதான்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர வைக்கிற ரேடியேட்டர்) ஹோஸ். ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை மூடி 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. பஞ்சர் கடை கம்ப்ரசரே போதும். டர்போவை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே வருகிற குழாயைக் கழற்றி ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ பேச்சே.

எர்ணாவூர் கடலோரம்:
மேலே சொன்னது எல்லாம் சரி. நம்ம பக்கத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: உப்புக் காற்று. வண்டி ராயபுரத்தில் வெளியில் நிற்கிறதென்றால் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். என் வண்டியில் மேலே பளபளவென்று இருந்தது, போல்ட்டை எடுத்தால் அடியில் பச்சைப் பொடி. மல்டிமீட்டரில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்துவிட்டு ஆளை வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

வியாசர்பாடி குமார்:
எனக்கென்னவோ இ20 மேல்தான் சந்தேகம். பழைய வண்டிக்கு அது ஆகாது, ரப்பரை எல்லாம் தின்றுவிடும்.

மணலி டூல்பாக்ஸ்:
குமார், ரப்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, 2008 மாடலின் பெட்ரோல் ஹோஸ்களை நானும் வருடாவருடம் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் எத்தனால் காரணமாகக் கலவை மெலிந்தால் மெதுவாக ஓட்டும்போதும் ஃப்யூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) ஏறியிருக்கும், பி0171 (கலவை மெலிவு) மாதிரி கோட் வரும். இவருக்கு பூஸ்ட் ஏறும்போது மட்டும்தான் பிரச்சினை. பூஸ்ட் ஓடுகிற வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ராயபுரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. கண்டுபிடித்துவிட்டேன்.

கோட் பி0299, 3,240 ஆர்பிஎம்மில் விழுந்திருக்கிறது. நண்பர் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்து 115ஆம் பிளாக்கை (கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் காட்டுகிற பக்கம்) பதிவு பண்ணினார். கம்ப்யூட்டர் கேட்டது 1,800 மில்லிபார், கிடைத்தது 1,250. வெளிக்காற்றே ஆயிரத்துச் சொச்சம் இருக்கும், அப்படியானால் கேட்ட பூஸ்டில் எழுபது சதவீதம் போல கிடைக்கவே இல்லை.

தண்டையார்பேட்டையில் தெரிந்த ஒருவரிடம் வண்டியைத் தூக்கி டைவர்ட்டர் வால்வைக் கழற்றினோம். சவ்வின் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கிழிசல், என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். விரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டர்போ ஷாஃப்டையும் ஆட்டிப் பார்த்தோம், சுத்தம். பிஸ்டன் வகை வால்வு போட்டாயிற்று, கூலியோடு பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது.

கடலோரம் அண்ணே, எர்த் சரியாகத்தான் சொன்னீர்கள். 0.4 காட்டியது. பட்டையைக் கழற்றித் தேய்த்துப் போட்டதும் 0.1.

இன்று காலை அதே ரோட்டில் நாலு தடவை மிதித்துப் பார்த்தேன், 1,780 மில்லிபார் வரை வந்தது, விளக்கு எரியவில்லை.

மணலி டூல்பாக்ஸ்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றி அடியில் இருக்கிற கேம் ஃபாலோயரை (கேம்ஷாஃப்டுக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிற சின்ன கிண்ணம்) பாருங்கள். மேலே கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். சின்ன பார்ட்தான், ஓட்டை விழுந்தால் பம்ப்பையும் கேம்ஷாஃப்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். டிஎஸ்ஜி ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ராயபுரத்தான்:
ஆயில் மாற்றிய பில் எதுவும் பழைய ஓனர் தரவில்லை. ரெண்டையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன், ஃபாலோயர் போட்டோவும் இங்கேயே போடுகிறேன்.