வான்சாகச நிகழ்ச்சி: தூரத்தைக் குறைக்காமல் கூட்டத்தைத் திருப்திப்படுத்த முடியுமா?

கடற்காற்று_டர்பன்:
தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஓடுதளம். வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. அங்கே குடும்பங்களுக்காக வான்சாகச நாள் ஒன்று நடத்த யோசனை. டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து நிறையப் பேர் வருவாங்க. கூட்டத்துக்கும் விமானத்துக்கும் நடுவே விட வேண்டிய பாதுகாப்புத் தூரத்தைச் சொன்னாலே, "அவ்வளவு தள்ளிப் பறந்தா என்ன தெரியும்?" என்று குழுவில் சண்டை. என்ன செய்யலாம்?

இறக்கை_முனை:
தூரத்தில் கை வைக்காதீங்க. அமெரிக்காவில் விமான வேகம் 156 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வரை 500 அடி, 245 நாட் வரை 1000 அடி, அதுக்கு மேல் 1500 அடி. உங்களுக்கு நம்ம தென்னாப்பிரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அனுமதியில் எழுதித் தரும் எண்தான் செல்லும், ஆனால் காரணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். 150 நாட் என்றால் நொடிக்கு 77 மீட்டர். 500 அடியைக் கடக்க இரண்டே நொடி.

தூரத்தைவிடத் திசை முக்கியம். 1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் நடந்த வான்சாகச நிகழ்ச்சியில் கூட்டத்தை நோக்கி வந்த விமானம் மற்ற இரண்டோடு மோதி, எரிபொருளோடு கூட்டத்துக்குள்ளேயே விழுந்தது. 70 பேர் செத்தாங்க.

கூட்டத்தைச் சுற்றி வில்லாக வளைந்து கடந்து போகும் பறப்பு ஒன்று போடச் சொல்லுங்க. விமானம் கூட்டத்தின் பக்கம் சாயும், அதனால் மேல்பாகம் முழுக்கத் தெரியும், போட்டோக்காரங்களுக்குக் கொண்டாட்டம். இன்ஜின் நின்றாலும், விமானி வளைவை விட்டுட்டாலும், விமானம் நேராக வெளிப்பக்கம்தான் போகும். ஆபத்து குறைவு, காட்சி அதிகம்.

தென்கிழக்கு:
கூட்டத்தை நிலப்பக்கம், கடலைப் பார்த்து உட்கார வையுங்க. காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். நம்ம ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் அதுக்கப்புறம் முதுகுக்குப் போயிடும். நல்ல ஐட்டங்களை மதியத்துக்குப் பிறகு வையுங்க.

கடலிலிருந்து வீசும் காற்றைக் கணக்கில் எடுங்க. 15 நாட் காற்று 20 நொடி லூப்பில் (மேலே ஏறித் தலைகீழாகி இறங்கும் செங்குத்து வட்டம்) விமானத்தை 150 மீட்டர் கூட்டத்தின் பக்கம் தள்ளிவிடும். திருத்திப் பறக்கிறது விமானி வேலைதான், ஆனாலும் விமானம் பறக்க வேண்டிய கோட்டினை அந்த அளவு கடலுக்குள் தள்ளிப் போடுங்க. கோட்டுக்குக் கீழே மணலில் தூண்டிலோடு நிற்கிறவங்களை யார் விலக்குறது? அதை முதலில் முடிவு பண்ணுங்க. இங்கிலாந்தின் ஷோரம் வான்சாகச நிகழ்ச்சியில் 2015-ல் விமானம் விழுந்து இறந்த 11 பேரும் மைதானத்துக்கு வெளியே, சாலைப் பக்கம் இருந்தவங்க.

ஹைவெல்ட்_ஹார்வர்ட்:
ஜோஹானஸ்பர்க் பக்கத்து விமானிகள் கடலோரத்துக்கு வந்தால் வசதி. இங்கேயிருந்து அங்கே போனால்தான் சிக்கல். 5000 அடி உயரத்தில், 30 டிகிரி வெயிலில் காற்று 8000 அடிக்கு உரிய அளவு மெலிந்திருக்கும். வேகமானி அதே வேகத்தைக் காட்டினாலும் உண்மை வேகம் அதிகம், அதனால் அதே ஜி-க்கு (விமானியை இருக்கையில் அழுத்தும் விசை) லூப்பின் அகலம் கால்பங்குக்கு மேல் கூடும். டர்பனில் ஒத்திகை பார்த்த உயரத்தையே அங்கே போட்டால், கீழே வந்து நிமிர்த்த இடம் இருக்காது. ஷோரமில் விழுந்த ஹண்டர் ஜெட் லூப்பின் உச்சியிலேயே உயரம் பத்தாமல் வந்தது. உச்சியில் குறிச்ச உயரம் இல்லையென்றால் லூப்பை முடிக்கவே கூடாது, அதிலிருந்து வெளியேறணும். இதை விமானியிடம் எழுத்தில் வாங்குங்க.

கடற்காற்று_டர்பன்:
புரியுது அண்ணே. தரையில்?

மைக்_நம்பர்_2:
பாதி சந்தோஷம் ஸ்பீக்கரில்தான் இருக்கு. அடுத்து எது, எந்தப் பக்கமிருந்து வரும் என்று பத்து நொடி முன்னால் சொன்னால், குழந்தைகளே கையை நீட்டிக் காட்டும். சும்மா பேசிக்கொண்டே இருக்கும் வர்ணனையாளர் வேண்டாம். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஆளிடம், கையில் ரேடியோவோடு. அவரை ஸ்பான்சர் கூடாரத்தில் உட்கார வைக்காதீங்க!

தண்ணீரும் நிழலும் ரொம்ப முக்கியம். சென்னை மெரினாவில் 2024 அக்டோபரில் நடந்த வான்சாகச நிகழ்ச்சியில் விமானம் எதுவும் விழவில்லை. நெரிசலும் வெயிலும்தான் 5 உயிரைக் கொண்டுபோச்சு. பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) கடைகளின் கேஸ் சிலிண்டர்களைத் தீயணைப்பு வண்டி வரும் பாதையில் விடாதீங்க. ஹெலிகாப்டர் வருமென்றால் கெஸீபோ பந்தல் எல்லாவற்றுக்கும் முளையடிச்சுக் கட்டுங்க, இல்லாட்டி அதன் கீழ்க்காற்றில் முதலில் பறக்கிறது அதுதான். யாராவது டிரோன் விட்டால் உடனே பறப்பை நிறுத்துவோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடிங்க. பக்கத்தில் நிற்கிறவங்களே தடுத்துடுவாங்க.