புதுப்பிப்பு: தான்சானியா வகுப்பில் மணிக் குழப்பம் தீர்ந்தது

மோஷியில் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மணி சொல்லித்தர முடியவில்லை, காலை 7 மணியைக் காட்டினால் 'ஒன்று' என்கிறார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் விடியலிலிருந்துதான் மணிக்கணக்கு. காலை 7 மணிதான் 'சா மோஜா', அதாவது முதல் மணி. நம் நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்துதானே!

சுவாஹிலி மணியோடு 6-ஐக் கூட்டும் யோசனை சரிவரவில்லை. 12-ஐத் தாண்டியதும் தடுமாறினார்கள். முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. அட்டைக் கடிகாரத்தில் சின்ன முள்ளுக்குப் பின்பக்கமாகச் சிவப்புக் காகிதத்தில் வால் ஒட்டினேன். முனை காட்டுவது ஆங்கில மணி, வால் காட்டுவது சுவாஹிலி மணி. பெரிய முள்ளுக்கு மாற்றமே இல்லை. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: "எங்க பாட்டியும் இப்படித்தான் எதிர்ப்பக்கம் பார்ப்பாங்க" என்றாள் ஒரு சிறுமி. முதலிலேயே பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம்.