ஜிகர்தண்டா டம்ளரும் வெளுத்த விரலும்

மதிச்சியம் மதினி:
கேன்சர்னு ஒரு பக்க மார்பை எடுத்து, அப்பவே அங்க சிலிக்கான் வச்சுட்டாங்க. அந்தக் கதை இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மூணாம் வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரவுகளோட விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிச்சோம். டம்ளரைப் பிடிச்ச கையில மூணு விரல் சுண்ணாம்பு தடவுன மாதிரி வெளுத்துருச்சு. செத்த நேரத்துல நாவப்பழ நிறம். எம்மக துப்பட்டாவுல பொத்தித் தேச்சுவிட்டா.

உடம்பு தன்னையே தாக்குதான்னு பாக்குற ரத்த டெஸ்ட்ல ஏஎன்ஏ பாசிட்டிவ். "இது வச்சதாலயா சார்?"னு கேட்டேன். டாக்டர் எங்க வீட்டுக்காரரப் பாத்து, "நெட்ல படிச்சுட்டு வந்திருக்காங்களா?"ன்னு சிரிச்சாரு. விரல் என்னுது, பதில் அவருக்கு.

தெற்காவணி:
அதனாலதான்னு அடிச்சுப் பேசாதீங்க மதினி. எங்க சித்தி ஒண்ணுமே வைக்கல. மோதிரம் கழலாம நகைப்பட்டறையில வெட்டித்தான் எடுத்தோம். விரல் தோலக் கிள்ளிப் பாத்தா பிடியே கிடைக்கல, பலகை. ஸ்க்லீரோடெர்மாவாம், தோல் இறுகிப்போற நோய். அவுகளுக்கு எதால வந்துச்சு?

மாட்டுத்தாவணி மருந்துக்கடை:
எங்க அக்காவும் வச்சவுகதான், வாய் காஞ்சு தண்ணி இல்லாம இட்லி இறங்காது. அது கிடக்கட்டும். 1992ல அமெரிக்காவுல மார்புல சிலிக்கான் ஜெல் வைக்கிறதுக்குத் தடை போட்டாங்க, அழகுக்கு வைக்கிறவுகளுக்கு. 1994ல அங்க மேயோ கிளினிக்ங்கிற ஆஸ்பத்திரில, வச்ச 749 பேரை வைக்காதவுகளோட ஒப்பிட்டாங்க, இந்த மாதிரி நோய் கூடுதலா இல்லைன்னாங்க. 2006ல தடை போச்சு. 2018ல கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கணக்குல ஷோக்ரென் (வாயும் கண்ணும் காயுற நோய்), ஸ்க்லீரோடெர்மா ரெண்டும் கூடுதலாத் தெரிஞ்சுச்சு. ஆனா அந்தக் கணக்கு போட்ட விதத்துலயே குறை இருக்குன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ சொல்லிருச்சு. 2021ல அதே எஃப்டிஏ லேபிள்ல கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது, களைப்பு, மூட்டுவலின்னு பலர் சொல்றதையும் சேத்து. ஆக ரெண்டு பேரும் முழுசா ஜெயிக்க முடியாது. ஏஎன்ஏ நல்லா இருக்கவுகளுக்கும் பாசிட்டிவ் வரும். வச்சு அஞ்சாறு வருசத்துல எம்ஆர்ஐ, பிறகு ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா. கம்பெனி, பேட்ச் நம்பர் போட்ட கார்டைத் தொலைக்காதீங்க. குளிர்தண்ணில பாத்திரம் கழுவாதீங்க. பீடி, சிகரெட் புகை பக்கம் நிக்காதீங்க.

மதிச்சியம் மதினி:
தம்பி, கார்டு பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில இருக்கு. எம்ஆர்ஐயும் எடுத்தாச்சு. தெற்காவணி, அதனாலதான்னு நான் எங்கப்பா சொன்னேன்? கேட்டேன். "தெரியலம்மா"ன்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன்.