“தண்ணீர், கரண்ட் போதுமானது” என்று எழுதிக் கொடுத்த ஆய்வு: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

கோபாலபுரத்துக்காரன்

பொள்ளாச்சியிலிருந்து கேரளா போகிற வழியில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அதை விவசாயத்திலிருந்து வணிகத்துக்கு மாற்றக் கேட்டிருந்தார்கள். கல்யாண மண்டபம், முன்னால் வரிசையாகக் கடைகள். பேப்பரில் அறிவிப்பு வந்ததும் ஆட்சேபனை கொடுத்தோம், தண்ணீரும் கரண்டும் போதுமா என்று பார்க்க அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

இன்னும் மனசை அரிப்பது அந்த பிரஷர் மீட்டர்தான். காலையில் தொட்டியைத் திறந்துவிட்ட கையோடு தெருக்குழாயில் திருகி மாட்டினார்கள். முள் 0.9 கிலோவில் நின்றது. ஒரு தளம் உள்ள வீட்டுக்கு 7 மீட்டர் ஏறுகிற அழுத்தம், அதாவது 0.7 கிலோ இருந்தால் போதும் என்பது கணக்கு. ஆக பாஸ், செல்போனில் படமும் எடுத்தாயிற்று. மீட்டரைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டில் குழாயிலிருந்து நேராக உறிஞ்சுகிற மோட்டாரைப் போட்டார்கள், அப்புறம் பக்கத்து வீட்டில், முள் சரசரவென்று இறங்கி 0.2க்கு வந்துவிட்டது. “சார், இதையும் ஒரு படம் எடுங்க” என்றேன். “லைன்ல மோட்டார் வைக்கறதே தப்புங்க, அந்த ரீடிங்கை நான் எப்படி எழுதறது?” என்றார்.

அதற்கு மேல் என்ன சொல்வது? லைனில் மோட்டார் வைப்பது தப்புதான். ஆனால் மேல்தெருவில் மோட்டார் வைக்காதவர் வீட்டுக்குத் தண்ணீரே வருவதில்லை. அறிக்கையில் முதல் படம் மட்டும் இருக்கிறது.

ஊத்துக்கோட்டை எல்லை

எங்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் வந்த பதில் இன்னும் அழகு. “அருகில் கால்வாய் உள்ளது” என்று எழுதியிருந்தார்கள். அது ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்குப் போகிற கிருஷ்ணா கால்வாய். 1983 ஒப்பந்தப்படி சென்னைக்குப் போகிற தண்ணீர், ஆந்திராவைத் தாண்டி எங்கள் ஊர் ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நாங்கள் கரையில் நின்று பார்க்கலாம். பேங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் பணக்காரன் என்பது மாதிரி.

ஆனால் நான் எழுத வந்தது டிரான்ஸ்பார்மர் பற்றி. 100 கேவிஏ. அதிலிருந்து மூன்று பேஸ், அதாவது மூன்று தனித்தனி லைன்; ஒரு பேஸுக்குச் சுமார் 133 ஆம்பியர்தான் அதன் முழு லோடு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட், ஏசி ஓடும் நேரத்தில் லைன்மேன் கரண்டை அளக்கிற டாங் டெஸ்டரை ஒவ்வொரு பேஸிலும் மாட்டிச் சத்தமாகச் சொன்னார், நானே பக்கத்தில் நின்று கேட்டேன்: 90, 140, 60. நடுவில் உள்ள மஞ்சள் பேஸ் ஏற்கெனவே அளவைத் தாண்டிவிட்டது, பியூஸ் கேரியர் பக்கம் கருகல் வாசனை. கூட வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார். 97. “இன்னும் 36 ஆம்பியர் மிச்சம் இருக்கு தம்பி” என்று சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை பாலு

கோபாலபுரம் தம்பி, அந்த அதிகாரி சொன்னதில் தப்பில்லை. முறைகேடான மோட்டாரை வைத்து ஊர்க் குழாயின் திறனை அளக்க முடியாது. நீங்கள் வேறு இடத்தில் பிடித்திருக்க வேண்டும்.

என் கதை சின்னதுதான். கேரளா பக்கம் என்றாலும் எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா மழை மறைவுப் பகுதி. ரோட்டோரம் கடை கட்ட ஒருவர் கேட்டார், ஜூலையில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர், “போதுமானது”. ஏப்ரலில் அதே கிணற்றில் வாளி பாறையில் தட்டும். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி எங்களுக்கு உண்டு, அது வாய்க்காலில் வரும் நாளை நம்பித்தான் இங்கே கிணறும் ஊறுகிறது. பிளாச்சிமடையும் இதே தாலுகாதான். பெருமாட்டி பஞ்சாயத்து 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, 2004 மார்ச்சில் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்த அந்தக் குளிர்பான ஆலை நின்றது எல்லோருக்கும் தெரியும். ஆலை வரும் முன்னால் கோடையில் ஒரு தடவை கிணற்றை எட்டிப் பார்த்திருந்தால் அத்தனை வருஷப் போராட்டம் தேவைப்பட்டிருக்காது.

சரி, இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். தகவல் உரிமையில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். உங்கள் டிரான்ஸ்பார்மருக்குக் கரண்ட் கொண்டுவருகிற ஃபீடர் லைனின் போன கோடை உச்ச லோடு எவ்வளவு, அது எந்தத் தேதி, எத்தனை மணி? அதே ஃபீடரில், அதே மெயின் குழாயில், ஏற்கெனவே அனுமதி வாங்கி இன்னும் கட்டாத கட்டடங்கள் எத்தனை? இதை யாரும் கேட்பதில்லை. மிச்சம் இருப்பதாகக் காட்டும் அளவை அந்தக் கட்டடங்களுக்கு எப்போதோ கொடுத்து முடித்திருப்பார்கள். அப்புறம் மண்டபத்துக்கு எந்தக் கணக்கில் தண்ணீர் போட்டார்கள் என்று பாருங்கள். கூட்டம் உட்காரும் ஹாலுக்கு இருக்கைக்கு 15 லிட்டர், சாப்பிடும் இடத்துக்கு இருக்கைக்கு 70 லிட்டர். 1,000 இருக்கை என்றால் 15,000 லிட்டரோடு நிறுத்தியிருப்பார்கள். 300 இலை போடுகிற பந்தி ஹாலைச் சேர்த்தால் அது மட்டும் தனியாக 21,000. தங்கும் அறை இருந்தால் படுக்கைக்கு 180. இதையும் வருஷம் முழுக்கப் பரப்பி தினசரி சராசரி போடுவார்கள், விடாதீர்கள், முகூர்த்த நாள் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். மீட்டரும் தெரு முனையில் வைக்கக் கூடாது, குழாய் முடிகிற கடைசி வீட்டில் வைக்கச் சொல்லி மனுவில் எழுதுங்கள்.

கோபாலபுரத்துக்காரன்

பாலு அண்ணா, நான் யோசனை கேட்கவில்லைங்க, ஆட்சேபனைக் காலமே முடிந்துவிட்டது. இருக்கிறதை இருக்கிறபடி ஏன் எழுத மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மோட்டார் முறைகேடு என்றால் பிடுங்கிவிட்டு அளக்கட்டும். பிடுங்கவும் மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். பந்திக் கணக்கு மட்டும் சரியாகச் சொன்னீர்கள், போய்ப் பார்த்தேன், இலைக்குத் தண்ணீரே இல்லை.

களியக்காவிளை

நீங்கள் எல்லோரும் வருகிற தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். வருவதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பதும் அதே அதிகாரிகள் வைத்திருக்கிற கணக்குதான், அது எங்கே போகும்?

இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. கடைகளும் லாட்ஜும் வரப்போகிற இடத்தின் வரைபடத்தைக் கருத்துக் கேட்பில் விரித்து வைத்தார்கள். கழிவுநீர் போகும் பாதைக்கு நீல நிறத்தில் அம்புக்குறி. விரலை வைத்துக்கொண்டே போனேன், மனையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அம்பு காகிதத்தின் ஓரத்தில் முடிந்தது. “இதுக்கு அப்பால?” என்றேன். “அப்பால நம்ம சர்வே எண் இல்ல” என்றார். அப்பால் இருப்பது எங்கள் குளம். பக்கத்தில் நின்ற பாட்டி “மக்கா, குளத்த வரையல்லியா?” என்று கேட்டார், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

ஊத்துக்கோட்டை எல்லை

பாலு அண்ணே, உச்ச லோடைக் கேட்டு வாங்கச் சொல்கிறீர்கள். கேட்டேன், கொடுத்தார்கள், அதுவும் மூன்று பேஸுக்குச் சேர்த்த ஒரே எண்தான். களியக்காவிளை நண்பரே, அந்த லாட்ஜ் கட்டியாயிற்றா?

களியக்காவிளை

அஸ்திவாரம் போட்டாச்சு. செப்டிக் டேங்க் லாரிக்காரர் இப்போதே வந்து நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.